பொருளும் அதன் பொருளும்

1915ஆம் ஆண்டின் இறுதி. பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடியிருந்த நாள்கள். அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியிருந்த காந்தியடிகளும் அங்கே வந்து தங்கியிருந்தார். ஒரு நாள் அவர் தம் மேசையருகே எதையோ கவலையோடு தேடிக்கொண்டிருந்தார். உடன் இருந்த காகா காலேல்கர், எதைத் தேடுகிறீர்கள் என்று வினவினார். தம் பென்சிலைக் காணவில்லை என்றார் அடிகள். ஒரு பென்சிலுக்காக அவருடைய நேரம் வீணாவதைப் பொறாத காலேல்கர், தம் பையிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். அடிகள் அதை ஏற்கவில்லை. தமக்கு வேண்டியது அந்தச் சின்னஞ்சிறு பென்சிலே என்றார். சென்னையில் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசனின் சிறு மகன் அன்போடு கொண்டுவந்து கொடுத்த பென்சில் அது. அதைத் தொலைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. பின்னர் இருவரும் சேர்ந்து தேடினார்கள். கிடைத்தபோது அதன் நீளம் இரண்டு அங்குலங்கூட இல்லை. காலேல்கரே பிற்காலத்தில் எழுதிவைத்த நிகழ்ச்சி இது.

மாணவர்களே, உடைமை வேண்டாமை என்பதை நோன்பாகவே கொண்டவர் காந்தியடிகள். செல்வத்தையும் வசதியையும் உதறியவர், தேய்ந்துபோன பென்சில் துண்டு ஒன்றை ஏன் உதற முடியாதவராய் இருந்தார்? அதைவிட நீளமான பென்சில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, அதை ஏன் மறுத்தார்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் மொழியில் 'பொருள்' என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையால் தொடக்கூடிய பண்டமும் பொருள். ஈட்டிச் சேர்க்கும் செல்வமும் பொருள். ஒரு சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். இம்மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், ஒரு பண்டத்துக்கு விலை மட்டுமன்றிக் கருத்தும் உண்டு என்பதை நமக்கு நினைவூட்டிச் சென்றார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. விலையைக் கடைக்காரர் சொல்வார். பயனைப் பயன்படுத்துவோர் எவரும் சொல்வர். கருத்தை மட்டும் அப்பொருளுக்கு உரியவரே சொல்ல முடியும். நடேசன் மகனின் பென்சிலுக்கு விலை இல்லை. பயனும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எஞ்சியிருந்தது ஒரு குழந்தையின் அன்பு ஒன்றே. காலேல்கர் நீட்டிய பென்சிலில் அது இல்லை.

சின்னம், குறியீடு என்று நாம் சொல்வதை ஐரோப்பிய மொழிகள் 'சிம்பல்' என்பது போன்ற சொற்களால் குறிக்கின்றன. அச்சொல் பிறந்த வரலாறு நம் வினாவுக்கு நல்ல விளக்கமாக அமைந்துள்ளது. பண்டைக் கிரேக்க நாட்டில் 'சிம்போலோன்' என்பது இரண்டாக உடைக்கப்பட்ட ஓர் அடையாளத் துண்டின் பெயர். நட்புப் பூண்ட இருவர் பிரியும்போது ஓர் எலும்புத் துண்டையோ ஓட்டையோ இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வர். ஆண்டுகள் பல கழித்து ஒருவர் மற்றவர் வாயிலில் வந்து நின்றால், அல்லது அவருடைய மகனே வந்து நின்றால், இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பர். உடைந்த விளிம்புகள் பொருந்தினால் வந்தவர் நம்மவர் எனத் தெளிவர். சேர்த்து வைத்தல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள்.

இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தப் பாதித் துண்டைத் தெருவில் போகிற ஒருவர் கண்டெடுத்தால் அவருக்கு அது வெறும் ஓடு. மறுபாதியை வைத்திருப்பவருக்கோ அது ஒரு நண்பரின் முகம். ஒருவர் உயிராகப் போற்றும் ஒவ்வொரு பொருளும் இத்தகைய பாதித் துண்டே என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரிவது ஒரு பாதி. மறுபாதி ஒரு மனிதரிடத்திலோ, ஒரு நாளின் நினைவிலோ, கொடுத்த வாக்கிலோ இருக்கிறது. இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழியும், சீதை திருப்பி அனுப்பிய சூடாமணியும் அணிகலன்களாக அல்ல, இத்தகைய பாதிகளாகவே கடலைக் கடந்தன.

இக்கருத்தை மெய்ப்பிக்கும் வரலாற்றுச் சான்று ஒன்று இலண்டன் மாநகரில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் அந்நகரத் தெருக்களில் கைவிடப்பட்ட குழந்தைகளைக் கண்டு மனம் வருந்திய தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர், பல்லாண்டு முயன்று 1739ஆம் ஆண்டில் அரச ஆணை பெற்று ஓர் இல்லத்தை நிறுவினார். 1741ஆம் ஆண்டில் முதற் குழந்தைகள் சேர்க்கப்பட்டன. வறுமையாலோ ஊர்ப் பழிக்கு அஞ்சியோ குழந்தையைக் கொண்டுவந்து விடும் தாயின் பெயரை அங்கே எழுதுவதில்லை. குழந்தைக்கும் வேறு பெயர் இடப்படும். அவ்வாறாயின், நல்ல காலம் பிறந்து தாய் திரும்பி வந்தால் தன் குழந்தை இது என்று எப்படி மெய்ப்பிப்பாள்? அதற்காக ஓர் அடையாளத்தை அவள் விட்டுச் செல்லலாம் என்று விதி செய்தனர்.

அத்தாய்மார் விட்டுச் சென்றவை யாவை? பெயர் பொறித்த காசு, மோதிரம், பாதியாகக் கிழித்த சீட்டாட்டச் சீட்டு, நாடாத் துண்டு, ஒரு கொட்டையின் ஓடு. ஒன்றும் இல்லாதவர்கள் ஆடையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார்கள். அத்துணித் துண்டு பதிவுத் தாளோடு சேர்த்துக் குத்தி வைக்கப்பட்டது. திரும்பி வந்து குழந்தையை மீட்டுச் செல்ல முடிந்த தாய்மார் மிகச் சிலரே. ஏனையோரின் அடையாளங்கள் எவரும் வந்து கேளாமல் அங்கேயே தங்கிவிட்டன.

இதற்குப் பின் நிகழ்ந்ததையும் நீங்கள் அறிதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அந்த இல்லத்து அலுவலர்கள், பார்வையாளருக்குக் காட்டும் பொருட்டு அடையாளங்கள் பலவற்றைப் பதிவுத் தாள்களிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கினார்கள். அவர்கள் தீய எண்ணத்தால் அவ்வாறு செய்யவில்லை. ஆனால் எந்த அடையாளம் எந்தக் குழந்தைக்கு உரியது என்னும் தொடர்பு அன்றே அறுந்துவிட்டது. காசு சிதையவில்லை, மோதிரம் கெடவில்லை, மறுபாதி மட்டும் மறைந்துவிட்டது. அத்தொடர்பை மீட்பதற்காக நம் காலத்து ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சில அடையாளங்களை அவற்றின் குழந்தைகளோடு மீண்டும் சேர்த்திருக்கிறார்கள்.

இனி, மனித உள்ளம் பொருள்களோடு இவ்வாறு பிணைவது எவ்வாறு என்பதை உளநூலார் என்ன சொல்கிறார்கள் என்று காண்போம்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் உளநூலில், 'நான்' என்பதற்கும் 'எனது' என்பதற்கும் இடையே எல்லை வகுத்தல் அரிது என்று விளக்கினார். உடலும் உடையும் வீடும் சுற்றமும் ஒருவன் செய்த பணியும் எல்லாம் சேர்ந்தே அவன் 'தான்' என்று உணர்கிறான். ஆகவே அவற்றுள் ஒன்று அழியும்போது தன்னில் ஒரு பகுதியே குறைந்ததாக அவன் வருந்துகிறான்.

இப்பிணைப்புத் தொட்டில் பருவத்திலேயே தொடங்குகிறது என்று காட்டியவர் இங்கிலாந்து நாட்டுக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட். 1951ஆம் ஆண்டில் அவர் படித்த கட்டுரை ஒன்றில், தாயும் தானும் வேறு என்பதைச் சிறிது சிறிதாக உணரத் தொடங்கும் குழந்தை, அப்பிரிவைத் தாங்க ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது என்று விளக்கினார். உறங்கும்போது அது கையில் இருந்தாக வேண்டும். அழுக்கேறினாலும் அதைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அதன் மணம் மாறிவிடும், குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும். தாயின் பழஞ்சேலையைப் போர்த்தினாலன்றி உறங்காத குழந்தைகளை நம் வீடுகளிலும் கண்டிருக்கிறோம்.

அத்தகைய பொருளுக்கு ஈடாக அதே போன்ற வேறொன்றைத் தந்தால் குழந்தை ஏற்குமா? புரூஸ் ஹூட், பால் புளூம் என்னும் இரு அறிஞர்கள் இதைச் சோதித்து 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பெட்டிகள் கொண்ட ஒரு கருவியைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டி, ஒரு பெட்டியில் வைக்கும் பொருளை அப்படியே இன்னொன்றாகப் படி எடுத்துத் தரும் பொறி இது என்று நம்பச் செய்தார்கள். உண்மையில் அது செப்பிடு வித்தையே. சாதாரண விளையாட்டுப் பொருளை வைத்தபோது, புதிதாக வந்ததைக் குழந்தைகள் மகிழ்ந்து ஏற்றார்கள். உறங்கும்போது உடன் வைத்துக்கொள்ளும் தம் சொந்தப் பொம்மையையோ போர்வையையோ வைத்தபோது, பழையதே வேண்டும் என்றார்கள். சில குழந்தைகள் அதைப் பெட்டிக்குள் வைக்கவே இசையவில்லை. காந்தியடிகள் மற்றொரு பென்சிலை மறுத்ததும் இக்குழந்தைகள் படியை மறுத்ததும் ஒரே காரணம் பற்றியன அல்லவா? வடிவத்தைப் படியெடுக்கலாம், நடந்ததைப் படியெடுக்க இயலாது.

ஆயினும் எல்லோரும் ஒரே வகைப் பொருளைப் போற்றுவதில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பகுதியில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரைச் சந்தித்து, உங்கள் வீட்டில் உங்களுக்கு அருமையான பொருள்கள் யாவை என்று இரண்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். அம்முடிவுகள் 1981ஆம் ஆண்டில் நூலாக வந்தன. இளையோர் இசைப்பெட்டி போன்று தாம் இயக்கி மகிழும் பொருள்களை மிகுதியாகச் சொன்னார்கள். தாத்தா பாட்டியரோ நிழற்படங்களைச் சொன்னார்கள். வயது ஏற ஏற, செய்யப்போகும் செயல்களைக் காட்டிலும் வாழ்ந்த வாழ்வும் பிரிந்த மனிதரும் பெரிதாகத் தோன்றுவது இயல்பு. உங்கள் பாட்டி கரி படிந்த பழைய செம்பு ஒன்றை எறியவிடாமல் தடுக்கும்போது, அவரைக் கஞ்சத்தனம் உடையவர் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத மறுபாதி அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

தனி மனிதருக்கு உண்மையானது சமுதாயத்துக்கும் உண்மையாகும். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதல் பண்டைத் தமிழர் வழக்கம். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது ஈறாக அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. மலையில் கிடந்தபோது வெறும் கல். பெயரும் செயலும் சேர்ந்தபின் அது வீரன். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்காக நடப்பட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவன் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. எழுத்து இல்லாத கற்களின் நிலை என்ன? வீரன் உருவம் செதுக்கிய கல் ஒன்று ஒரு குளத்தங்கரையில் துவைகல்லாகக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். யாருடைய கல் என்று சொல்ல அவ்வூரில் ஒருவரும் இல்லை.

கொடியும் அத்தகையதே. 1932ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருப்பூரில் தடியடிபட்டு வீழ்ந்து உயிர் நீத்த இளைஞர் குமரன், தம் கையிலிருந்த கொடியை விடவில்லை. நெசவாலைகள் நிறைந்த இன்றைய திருப்பூரில் துணிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அவர் பற்றியிருந்தது முழக்கணக்கில் அளக்கும் துணி அன்று. ஒரு நாடு விடுதலை பெறும் என்னும் உறுதி. அதனாலேயே 'கொடி காத்த குமரன்' என்று அவர் பெயர் வழங்குகிறது.

இவற்றையெல்லாம் நூல்களில் படித்தறியும் முன்பே எனக்கு இப்பாடத்தைக் கற்பித்தவன் ஒரு மாணவன். அதைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தால் நான் நேர்மையாளன் ஆகேன்.

கடற்கரையிலிருந்து சில கல் தொலைவு உள்ளடங்கிய சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாய் இருந்த காலம். 2006ஆம் ஆண்டு என்று நினைவு. எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் மேசைக்கடியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். அருகே சென்று பார்த்தேன். துருப்பிடித்த ஒரு சாவி.

"இது எந்தப் பூட்டின் சாவி?" என்று கேட்டேன்.

"பூட்டு இல்லை, ஐயா" என்றான்.

அது துடுக்கான விடை என்று எண்ணினேன். "பூட்டு இல்லாத சாவி உனக்கு எதற்கு?" என்று சொல்லி அதைப் பிடுங்கி, என் அறை மேசையின் இழுப்பறையில் போட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. இரண்டு நாள் என் அறை வாயிலில் வந்து நின்று நின்று போனான். நான் அழைத்து விசாரிக்கவில்லை. அவ்வார இறுதியில் பள்ளியைத் துப்புரவு செய்தபோது, இழுப்பறையில் கிடந்த உடைந்த பூட்டுகளோடும் ஆணிகளோடும் அச்சாவியும் பழைய இரும்பு வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அவனுடைய மாமா வந்தார். அவரிடமிருந்தே செய்தியை அறிந்தேன். அச்சிறுவன் நாகப்பட்டினத்துக் கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை அவன் தாய் வீட்டைப் பூட்டிச் சாவியை அவன் கையில் கொடுத்து, உள்ளூரில் இருந்த பாட்டி வீட்டுக்கு அவனை அனுப்பிவிட்டு, மீன் எடுக்கக் கடற்கரைக்குச் சென்றாள். ஆழிப்பேரலை அவளையும் கொண்டுபோயிற்று, வீட்டையும் கொண்டுபோயிற்று. சாவி மட்டும் அவன் கையில் தங்கிற்று. 'பூட்டு இல்லை' என்று அவன் சொன்னது துடுக்கு அன்று, முழு உண்மை.

அன்றே இரும்புக் கடைக்கு ஓடினேன். மாலை வரையில் குவியலைக் கிளறினேன். அதைப் போன்று தோன்றிய நான்கு சாவிகளை எடுத்துவந்து அவன் முன் வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து விரலால் தடவிப் பார்த்துத் திரும்ப வைத்தான். "இதில் இல்லை, ஐயா. பரவாயில்லை, ஐயா" என்றான். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட என் ஆசிரியப் பணியில் என்னை அவ்வளவு தண்டித்த சொல் வேறொன்று இல்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளநூல் படித்துத் தேறியவன் நான். ஆயினும் 'இது உனக்கு யார் கொடுத்தது?' என்று ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஓட்டின் ஒரு பாதியை மட்டும் பார்த்து, குப்பை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அப்படியாயின் எல்லாப் பொருளையும் எறியாமல் வீடு நிறையச் சேர்த்து வைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டா. சேர்க்கும் ஆசை வேறு. போற்றும் அன்பு வேறு. ஒரு பொருள் நம் கையில் இருப்பதனாலேயே அதற்கு மிகை மதிப்புத் தருவதும் மனித இயல்பே. கார்னெல் பல்கலைக்கழக மாணவருள் பாதிப் பேருக்குக் கோப்பைகளைக் கொடுத்து நடத்தி, 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு சோதனையில், கோப்பை பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, மற்றவர்கள் வாங்கத் தர இசைந்த விலையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சிறிது நேரம் கையில் இருந்ததற்கே இந்த வேறுபாடு! எனவே நம் பற்றுகளை நாமே ஆராய வேண்டும். ஒரு பொருளை எடுத்து, இதன் மறுபாதி யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விடை வருமானால் வைத்துக்கொள்வோம்; வாராவிடின் இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவோம். காந்தியடிகள் பெரும் பொருளைத் துறந்ததும் சிறு பென்சிலைத் தேடியதும் முரண்பாடு அல்ல என்பது இப்போது விளங்கும்.

மாணவர்களே, நீங்கள் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. முதலாவது, உங்கள் வீட்டு முதியோரிடம் சென்று அவர்கள் காத்துவைத்திருக்கும் பொருள் ஒன்றைக் காட்டி, அதன் கதையைக் கேளுங்கள். கேட்டதை ஆண்டோடும் ஊரோடும் ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு சேர்த்து வையுங்கள். இலண்டன் இல்லத்து அடையாளங்களுக்கும் குளத்தங்கரைக் கல்லுக்கும் நேர்ந்தது உங்கள் வீட்டுப் பொருளுக்கு நேராதிருக்கும். இரண்டாவது, உங்கள் தோழன் ஒருவன் உங்களுக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டிருக்கக் கண்டால், சிரிக்காதீர்கள், பிடுங்காதீர்கள். அதை உனக்கு யார் கொடுத்தார் என்று அன்போடு கேளுங்கள். அவன் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். சொல்லாவிடினும், சொல்வதற்கு அங்கே ஒன்று இருக்கிறது என்று அறிந்து அமைவது போதும்.

அந்தச் சிறுவன் படிப்பை முடித்து இன்று ஒரு நல்ல நிலையில் இருக்கிறான். என்னைக் காண வரும்போதெல்லாம் வணங்கிப் பேசுகிறான். அச்சாவியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் எடுத்துவந்த நான்கு சாவிகளும் இன்னும் என் மேசையில் உள்ளன. அவை எந்தப் பூட்டையும் திறவா. என் வீட்டார் பலமுறை அவற்றை எறிந்துவிடச் சொன்னதுண்டு. நான் எறியவில்லை.